கொடுத்துவிட்ட பிள்ளை

சாந்திநாத நயினார் வீட்டு விஷயத்தை வெளியில் பேசுவது எங்கள் சமண வகையறாவில் வழக்கமில்லை. அவர் என் தங்கை ரத்னாவதியின் கணவர். ஆனாலும் ஆரணியில் இன்றும் சிலர் அந்தக் கதையைச் சொல்லும்போது, அந்த வீட்டார் போலீசுக்குப் பயந்து எதையோ ஒளித்தார்கள் என்று முடிக்கிறார்கள். பயந்தது உண்மை. அந்த மழைக்காலத்தில் அந்த வீட்டில் பயப்படாத ஆள் ஒருவர்கூட இல்லை, நான் உட்பட. ஒளித்ததும் உண்மைதான். எதை, யாரிடமிருந்து, எதுவரைக்கும் என்று தெரியாமல் பேசுகிறவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

பட்டு நெய்கிற ஊரில் பட்டு உடுத்தாத வீடு அது. புழுவைக் கொதிநீரில் போட்டு எடுக்கும் நூல் நம் உடம்பில் ஏறக்கூடாது என்பது சாந்திநாதனின் தகப்பனார் காலத்துக் கட்டளை. கல்யாணத்துக்கும் பருத்திதான். தெருவில் இரண்டு பக்கமும் தறிக்காரர்கள் வீடு, நடுவில் நயினாரின் வீடும் அதை ஒட்டிய நெல் மண்டியும். விடிந்தால் தெரு நீளத்துக்குப் பாவு நூல் விரித்து, ஆணும் பெண்ணுமாக இழை பிரித்துக்கொண்டிருப்பார்கள். நெல் வண்டி வந்தால் பாவு சுருட்டும் வரை தெருமுனையில் நிற்கும். மாட்டை அதட்டக்கூட விடமாட்டார் சாந்திநாதன். மாடு மிரண்டால் இழை அறும் என்பார். தெருவில் அவருக்கு இருந்த மரியாதை அப்படி வந்தது.

அவருக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். மூத்தவன் அப்பாண்டைராஜன், இளையவன் ஜீவந்தரன். மூத்தவன் வேலூரில் பி.காம். முடித்து மண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவன், எழுபத்திரண்டில் ஊர் ஊராக நடக்கும் ஒரு முனிசங்கத்தின் பின்னால் போய்விட்டான். அழைத்து வர யாரையும் அனுப்பவில்லை. கருநாடகத்தில் ஒரு மலையடிவாரத்தில் அவனுக்குத் தீட்சை நடந்தது. நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். அந்த நேரத்தில் சங்கத்தின் தலைவரான ஆசாரியர் பெற்றவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, இவனை மனம் ஒப்பிக் கொடுக்கிறீர்களா என்று கூட்டத்தின் நடுவில் கேட்பார். சாந்திநாதன் எழுந்து, "கொடுத்தேன்" என்றார். என் தங்கையும் சொன்னாள். அவள் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. ஆசாரியர் மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னாள்.

கொடுத்த பிறகு அவன் அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. பெயர் மாறிவிடும். அவன் இந்தப் பக்கம் நடந்து வந்தால் மற்ற முனிகளைப் போலக் கும்பிடலாம், மகனே என்று கூப்பிடக்கூடாது. ஊர் திரும்பியதும் ரத்னாவதி அவன் சாப்பிட்ட தட்டைக் கோயிலுக்குக் கொடுத்தாள். சட்டைகளை எதிர்வீட்டுத் தறிக்காரன் வேடியப்பனுக்குக் கொடுத்தாள். சுவரில் இருந்த போட்டோவைச் சாந்திநாதன் கழற்றிக் கமண்டல நாகநதியில் விட்டார். அன்றிலிருந்து எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் ஒன்று என்பார்கள். அதில் பொய் இல்லை. கொடுத்ததை என்னுடையது என்று சொல்வது எங்களுக்குத் திருட்டு.

இளையவன் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அவனும் அப்படியே பழகினான்.

படித்து முடித்ததும் ஜீவந்தரனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. இராணுவத்துக்குக் கருவிகள் செய்கிற அரசாங்க நிறுவனம். அவன் கருவி பக்கம் இல்லை, ஆட்களைப் பார்க்கும் பிரிவு. எழுத்தில் கெட்டிக்காரன். எண்பத்தைந்து தொடக்கத்தில், டெல்லியில் ரகசியக் காகிதங்களை விற்றவர்கள் பிடிபட்டார்கள் என்று பத்திரிகைகளில் வந்தது ஞாபகமிருக்கும். அதன் பிறகு அந்த நிறுவனத்தில், வேலைக்கு வருகிறவர்களையும் ஏற்கெனவே இருப்பவர்களையும் எப்படிச் சோதிப்பது என்று புது விதிகள் எழுதச் சொன்னார்கள். எழுதும் பொறுப்பு இவனிடம் வந்தது.

அந்தக் கோடையில் ஊருக்கு வந்திருந்தபோது அதைப் பற்றி மிகுந்த பெருமையோடு பேசினான். பழைய முறையில் ஒரு போலீஸ்காரர் ஊரில் வந்து கேஸ் ஏதாவது உண்டா என்று கேட்டுவிட்டுப் போவதோடு சரியாம். சில அதிகாரிகள் இன்ன சாதி, இன்ன ஊர், இன்ன கட்சி என்று பட்டியல் போடச் சொன்னார்களாம். இவன் சண்டை போட்டு அதையெல்லாம் எடுக்க வைத்திருக்கிறான். ஒருவனுடைய குடும்பத்தில் குடிகாரன் இருக்கலாம், ஜெயிலுக்குப் போனவன் இருக்கலாம், அது குற்றமில்லை, அதை மறைத்தால்தான் ஆபத்து என்பது அவன் கட்சி. மறைக்கிறவனை, அது தெரிந்த எவனும் மிரட்டி வேலை வாங்கலாம் அல்லவா? அதனால் குறை இருப்பவனைத் தள்ளாதே, மறைத்தவனைத் தள்ளு என்று எழுதினானாம். சாந்திநாதன் கேட்டுவிட்டு, நியாயம்தான் என்றார். அவர் ஒரு பேச்சை நியாயம் என்று சொல்வது அபூர்வம்.

தீபாவளி கழிந்து மழை பிடித்துக்கொண்டது. தறிக்குழிகளில் ஈரம் ஏறி, கால் வைத்தால் தண்ணீர் கசிந்தது. பட்டு இழை ஈரத்தில் தொய்ந்துவிடும். பக்கத்து முள்ளிப்பட்டிலிருந்தும் யாரும் நெய்த சேலையை ஆரணிக் கடைகளுக்குக் கொண்டு வரவில்லை. எந்நேரமும் தடக் தடக்கென்று கேட்டுக்கொண்டிருக்கும் தெருவில் ஓடு சொட்டுகிற சத்தம் மட்டும். தறி ஓடும்போது யாரும் யாரோடும் பேச முடியாது. தறி நின்றால் தெருவே பேசும்.

அப்படி ஒரு பிற்பகல் ஜீவந்தரன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினான். நான் மண்டியில் இருந்தேன். குடை கையிலேயே இருந்தது, விரிக்கவில்லை, தலை முதல் கால் வரை நனைந்திருந்தான். ரத்னாவதி அவசரமாக இலை போட்டாள். இருட்டில் சாப்பிடுவது எங்களுக்கு ஆகாது என்பதால் அந்த வீட்டில் பொழுது சாய்ந்தால் அடுப்பு அணைந்துவிடும், மறுநாள் காலைதான் சாப்பாடு. பயத்தம்பருப்புக் கூட்டும் மிளகு ரசமும் இருந்தன. அவன் ஒரு கவளம் எடுத்தான், மெல்லாமல் வைத்துக்கொண்டிருந்தான், பிறகு இலையை மடித்தான். ஜெயவதிக்கு உடம்புக்கு ஏதாவதா என்று என் தங்கை கேட்டாள். ஜெயவதி அவன் மனைவி, அப்போது மாசமாக இருந்தாள். அவளுக்கு ஒன்றுமில்லை என்றான்.

தாய் உள்ளே போன பிறகுதான் சொன்னான். போன வாரம் அவன் எழுதிய விதிகளைப் பெரிய அதிகாரிகள் கூட்டத்தில் வரி வரியாகப் படித்திருக்கிறார்கள். உடன்பிறந்தவர்களில் யாராவது வீட்டை விட்டுப் போயிருந்தால், பெயரை மாற்றிக்கொண்டிருந்தால், இப்போது எங்கே இருக்கிறார் என்று சொல்ல முடியாமல் இருந்தால், அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு விதி. அதை இன்னொருவர் வாயால் கேட்டபோதுதான் அவனுக்கு உறைத்திருக்கிறது.

"நானே எழுதினேன் மாமா. மூணு தடவை திருத்தி எழுதினேன். அண்ணன் ஞாபகமே வரலை. வேலைக்குச் சேரும்போது கூடப்பிறந்தவங்க யாருமில்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். அப்பவும் வரலை."

அவன் வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டிருந்தான்.

சாந்திநாதன் நிமிர்ந்த முதுகோடு உட்கார்ந்திருந்தார். அவர் சுவரில் சாய்ந்து நான் பார்த்ததில்லை. "அவர் முனி. முனியை எவன் சந்தேகப்படுவான்?" என்றார்.

"முனின்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்பா? பேரு மாறியிருக்கு, விலாசம் இல்லை, போட்டோ இல்லை. அதைவிட, நான் ஏன் சொல்லலைன்னுதான் கேப்பாங்க."

"கொடுத்தாச்சு, அதனால சொல்லலைன்னு சொல்லு."

"எழுதினவனே மறைச்சான்னு ஆயிடும்பா. எங்க பிரிவுல இருந்துதான் சோதனையை ஆரம்பிக்கிறாங்க. அதையும் நான்தான் சொன்னேன், மத்தவங்களைக் கேக்கறதுக்கு முன்னாடி நம்மளைக் கேக்கணும்னு. வேலை போறதோட நிக்காது. உள்ள வெச்சு விசாரிப்பாங்க."

போலீஸ் வருவதற்கு முன்னால் தானே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்பது அவன் எண்ணம். அதற்கு அண்ணன் எந்தச் சங்கத்தில், எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரிய வேண்டும். அந்தச் சங்கத்துப் பெரியவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைக் கேட்கத்தான் ஓடி வந்திருக்கிறான். தகப்பனுக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. வடநாட்டு யாத்திரை போகிறவர்கள் எல்லோரும் மண்டிக்கு வந்து போகிறவர்கள்தானே.

சாந்திநாதன் எழுந்து, சாரல் அடிக்கிற பக்கம் இருந்த மூட்டைகளைப் பார்க்கப் போனார். தார்ப்பாயை இழுத்து மூடினார். மூடியதைப் பிரித்து மறுபடி மூடினார். இரண்டாவது தடவை மூடியபோதுதான் அவர் எதையோ மறைக்கிறார் என்று எனக்குப் பட்டது. அவர் எதையும் இரண்டு முறை செய்கிறவர் அல்ல.

மறுநாள் காலை வேடியப்பன் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"நயினாரே, ஒரு சங்கதி. டீக்கடையாண்ட ஒரு ஆளு வந்து குந்திகினு, உங்க வூட்டைப் பத்தி விசாரிச்சிகினு இருந்தான். வேலூர்க்காரன். கிராப்பைப் பாத்தாலே தெரியுது போலீசுன்னு. நம்ம ஜனம் சும்மா குந்திகினு கீறாங்களா, தறியும் ஓடலையா, ஆளாளுக்கு வாயைத் தொறக்கறாங்க. நான் உள்ள பூந்துட்டேன்."

"என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"ஒரே பையன், தங்கமான பையன், வேற யாரும் கெடையாதுன்னு அடிச்சி சொல்லிட்டேன். மத்தவனுங்களையும் கண்ணால ஜாடை காட்டி அடக்கிட்டேன். நம்ம தெரு சங்கதி வெளியாளுக்கு இன்னாத்துக்கு? பெரியவரு சாமியாரா போனது நமக்குள்ள. அவரு சட்டையைப் போட்டு வளந்தவன் நான், காட்டிக் குடுப்பனா?"

அவன் மனைவி ஆதிலட்சுமி வாசலில் இருந்தே, "இதைச் சொல்ல இத்தினி பெருமையா? வந்து அடுப்பைப் பாரு, விறகு புகையுது" என்று கத்தினாள். அவன் அதைக் காதில் வாங்காமல், நயினார் ஒரு வார்த்தை மெச்சுவார் என்று நின்றான்.

ஜீவந்தரன் தூணைப் பிடித்துக்கொண்டான். இப்போது தெருவே சேர்ந்து மறைத்ததாக ஆகிவிட்டது. ஒருவன் மறந்தான் என்றால் நம்புவார்கள், ஒரு தெரு மறந்தது என்றால் நம்புவார்களா? வேடியப்பனிடம் கோபப்படவும் வழியில்லை. சாந்திநாதன் அவனைப் பார்த்து, "சரி, போ. குழியில தண்ணி இறைச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு அந்த வீட்டில் பயம் ஓர் ஆளைப் போல நடமாடியது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் மூன்று பேரும் பேச்சை நிறுத்தினார்கள். மண்டிக்கு வந்த தெள்ளார் வியாபாரி ஒருவர் ஜீவந்தரனைப் பார்த்து, லீவா என்று கேட்டதும் அவன் உள்ளே போனான். ரத்னாவதி குடிநீரை வெள்ளைத் துணியில் வடிகட்டும்போது குடம் வழிந்து தரையெல்லாம் ஓடியது. அவளுக்கு முழு விவரம் சொல்லவில்லை. பையன் வேலைக்கு ஏதோ ஆபத்து, மூத்தவனைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பது வரை அவளே ஊகித்துக்கொண்டாள்.

"முனிகிட்ட போயி சாட்சி கேப்பாங்களாண்ணா? பாவமில்லையா?" என்று என்னிடம் கேட்டாள். அவளுடைய பயம் அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் சாந்திநாதன் என்னை மூட்டைகளுக்குப் பின்னால் அழைத்தார். நெல் வேகும் வாடை அடுத்த மில்லிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவர் ஒரு மூட்டையின் தையலை விரலால் தடவிக்கொண்டே பேசினார்.

"மச்சான், அவன் முனியா இல்லை."

எனக்குப் புரியவில்லை.

"வடக்கே கிர்நார் யாத்திரை போயிட்டு வந்தவர் ஒருத்தர் பார்த்துட்டு வந்து சொன்னார். சில வருஷம் ஆச்சு. மயில்பீலியையும் கமண்டலத்தையும் கீழ வெச்சுட்டு ஒருநாள் சங்கத்தை விட்டு எழுந்து போயிட்டானாம். வேட்டி கட்டிக்கிட்டு, வேற ஒரு பேர் வெச்சுக்கிட்டு, பாலைவனத்துல பாகிஸ்தான் எல்லைகிட்ட ஒரு ஊர்ல லாரி ஆபீஸ்ல இருக்கானாம். அவர்தான் அடையாளம் கண்டு பேசினார். அப்பாகிட்ட சொல்ல வேணாம்னு காலைப் பிடிச்சானாம்."

நான் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் மக்களில் துறவு எடுக்காதவர்களைக் குறை சொல்வார் இல்லை. எடுத்துவிட்டு இறங்கியவனுடைய வீட்டில் பெண் கொடுக்க யோசிப்பார்கள். கோயிலில் அந்த வீட்டாரைப் பார்த்தால் பேச்சு சற்று நிற்கும். அந்த இழிவை இவர் தனியாக வைத்துக்கொண்டு, கோயிலில் முதல் வரிசையில் நின்றிருக்கிறார். முனியைப் பெற்ற வயிறு என்று பெண்கள் ரத்னாவதியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"ரத்னாவுக்கு?" என்றேன்.

"தெரியாது. தெரிஞ்சா செத்துடுவா."

"ஜீவாகிட்ட சொல்லித்தான் ஆகணும்."

"சொன்னா எழுதிடுவான். அவன் எழுதற ஆளு." பிறகு மெதுவாகச் சொன்னார். "எல்லையோரம், வேற பேரு, லாரி. அந்த ஆபீஸ்காரனுங்க இதை எப்படிப் படிப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா மச்சான்? ஒரு பிள்ளையைக் காப்பாத்த இன்னொருத்தனைச் சொல்லணும். சொன்னா ரெண்டு பேருமே போயிடலாம். சொல்லலைன்னா மானமாவது மிஞ்சும்."

வெளியே யாரோ கூப்பிட்டார்கள். அவர் விரலில் சணல் நார் சுற்றியிருந்தது. அதைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போனார்.

வாசலில் நின்றவர் வேலூர் இன்ஸ்பெக்டர் இராஜமாணிக்கம். சீருடை இல்லை. கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டியிருந்தார், நனைந்த செருப்பை வெளியே கழற்றி ஓரமாக வைத்தார். மரியாதை தெரிந்த மனிதர். அது பயத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. ஜீவந்தரன் அவரைக் கும்பிட்டுவிட்டு, தன் வீட்டாரைக் கேட்கும்போது தான் அங்கே இருக்கக்கூடாது என்று அவனாகவே சொன்னான்.

"ஆமாங்க தம்பி, புதுசா அப்படித்தான் சொல்லியிருக்காங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

அதை யார் சொன்னது என்று அவருக்குத் தெரியவில்லை. ஜீவந்தரன் மழையில் தெருவைக் கடந்து வேடியப்பன் வீட்டுக்குள் போவதை நாங்கள் பார்த்தோம். ஓடாத தறியின் பக்கத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

நான் எழுந்தேன். தாய்மாமன் இருக்கலாம் என்று இன்ஸ்பெக்டர் கையமர்த்தினார். நிலம், மண்டி, கல்யாணம் நடந்த இடம், மருமகளின் ஊர் சேத்துப்பட்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சாந்திநாதன் கேட்டதற்கு மட்டும் சொன்னார். மழை சற்று விட்டு மறுபடி பிடித்தது. ரத்னாவதி வடிகட்டிய தண்ணீரைச் செம்பில் கொண்டு வந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

"தெருவுல விசாரிச்சேங்க ஐயா. எல்லாரும் உங்களைப் பத்தி நல்லவிதமாத்தான் சொல்றாங்க. ஒரே பிள்ளைன்னாங்க." இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டார். "சரிதானுங்களே?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அது அவர் இத்தனை ஆண்டு சொல்லிப் பழகிய சொல். தெருவும் அதற்குத் தயாராக நின்றது. அந்த மனிதரும் அடுத்த கேள்விக்குப் போகத் தயாராக இருந்தார். நான் சாந்திநாதனைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டில் குனிந்திருந்த முதுகைப் பார்த்தேன். பயத்தில் ஒரு முதுகு அவ்வளவு சின்னதாக ஆகும் என்று எனக்குத் தெரியாது.

"இல்லைங்க. ரெண்டு" என்றார் சாந்திநாதன்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

சாந்திநாதன் பேசினார். குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. மூத்தவன் பெயர், அவன் துறவுக்குப் போனது, கொடுத்தேன் என்று சபையில் தான் சொன்னது, அதனால் அந்த வீட்டில் அவனைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது, இளையவன் அந்தப் பழக்கத்தில்தான் உடன்பிறந்தவர் இல்லை என்று எழுதிக் கொடுத்தது, எதிர்வீட்டுத் தறிக்காரன் விசுவாசத்தில் சொன்னது, எல்லாம் சொன்னார். அங்கே நிறுத்தியிருக்கலாம். முனி என்றே இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு போயிருப்பார். சாந்திநாதன் கதவோரம் நின்ற மனைவியை ஒருமுறை பார்த்தார்.

"அவன் இப்ப முனி இல்லைங்க. விட்டுட்டான்" என்று தொடங்கி, யாத்திரைக்காரர் பார்த்துவிட்டு வந்து சொன்னது, பாலைவனத்து ஊர், லாரி ஆபீஸ், மாற்றிக்கொண்ட பெயர் வரைக்கும் சொல்லி முடித்தார்.

ரத்னாவதி கீழே விழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். விழவில்லை. என் தங்கை நின்ற இடத்தில் அப்படியே நின்றாள்.

"இதை ஏனுங்க இத்தனை நாள் சொல்லலை?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அதட்டலாகக் கேட்கவில்லை. அவருக்கே அது தெரிய வேண்டியிருந்தது போலக் கேட்டார்.

"முனியா இருந்த வரைக்கும் அவனை எம்பிள்ளைன்னு சொல்றது திருட்டுங்க. குடுத்ததைத் திருப்பிக் கேக்கற மாதிரி. அவன் எறங்கிட்டான்னு தெரிஞ்ச அன்னைக்கே அவன் மறுபடி எம்பிள்ளையாயிட்டான். அதுக்கப்புறம் ஒண்ணுன்னு சொன்னது பொய். அது என் பொய். எழுதறதா இருந்தா என் பேர்ல எழுதுங்க. சின்னவனுக்கு இது இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். செம்பை எடுத்து அண்ணாந்து குடித்தார். இது நல்லதாகப் போகுமா கெட்டதாகப் போகுமா என்று தன்னால் சொல்ல முடியாது, மேலே இருப்பவர்கள் கையில் இருக்கிறது, வடக்கே ஆள் அனுப்பி விசாரிப்பார்கள் என்றார். எழுந்தபோது சாந்திநாதனுக்கு ஒரு கும்பிடு போட்டார். அந்தக் கும்பிடு எங்களுக்கு ஆறுதலாக இல்லை.

ஜீவந்தரனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அவனை உள்ளே வைக்கவில்லை. மாதக்கணக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்தப் பிரிவிலிருந்து எடுத்து, இரகசியம் எதுவும் இல்லாத சாமான் கிடங்கில் போட்டார்கள். அவன் எழுதிய விதி ஒரு வரியும் மாறாமல் நடைமுறைக்கு வந்தது. அது நல்ல விதி என்றுதான் அவன் கடைசி வரை சொன்னான். கோயிலில் எங்களுக்கு நடந்ததை நான் எழுதப் போவதில்லை. இவையெல்லாம் பின்னால் வந்தவை. அன்று சாயங்காலம் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

இன்ஸ்பெக்டர் போனதும் ஜீவந்தரன் திரும்பி வந்தான். நான்தான் அவனுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு ஓர் ஓரமாக உட்கார்ந்தான். பாலைவனத்து ஊரின் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். அந்தப் பெயர் தன் அலுவலகத்தில் எப்படி ஒலிக்கும் என்று அவன் நினைத்திருப்பான்.

சாந்திநாதன் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அழுவாள், அல்லது ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பாள், அல்லது கேட்காமலே படுத்துவிடுவாள் என்று நாங்கள் மூன்று பேரும் பயந்துகொண்டிருந்தோம். அவள் வாசலுக்குப் போனாள். மேகம் மூடிய நாளில் பொழுது தெரியாது. அப்போது எங்கள் பெண்கள் உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பார்கள். ரேகை தெரிகிற வரை சாப்பிடலாம், மங்கினால் கூடாது. அவள் கையை வெளியே மழையில் நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவன் பொழுதோட சாப்பிடறானா?" என்று கேட்டாள்.

யாரைக் கேட்கிறாள் என்று ஒரு கணம் விளங்கவில்லை.

"அந்த யாத்திரைக்காரர் சொன்னாரா? பொழுதோட சாப்பிடறானா, இல்லை ராத்திரியிலயா?"

"கேக்கலை" என்றார் சாந்திநாதன்.

"கேட்டிருக்கணும்." அவள் திரும்பவில்லை. "இவ்ளோ வருஷமா மனசுல வெச்சிகினு இருந்தீங்களே, இதைக் கேக்கணும்னு தோணலையா? போயி கேட்டுட்டு வாங்க."

சாந்திநாதன் தூணில் சாய்ந்தார். என் கண்ணால் பார்த்தேன், சாய்ந்தார். பிறகு, வெள்ளிக்கிழமை காட்பாடியில் ரயில் பிடிக்கலாம் என்றார், யாரிடமும் சொல்வது போல இல்லாமல்.

ஜீவந்தரன் பயந்து எழுந்தான். "அப்பா, அது எல்லைப் பக்கம். வீட்டாளுங்க யாராவது அந்தப் பக்கம் போறதா இருந்தா நான் முன்கூட்டியே ஆபீசுக்குத் தெரிவிக்கணும். எங்க போறாங்க, யாரைப் பார்க்கன்னு. அதுவும் நான் எழுதினதுதான். இப்ப இருக்கற நிலைமையில..."

"தெரிவி" என்றார் சாந்திநாதன்.

"யாரைப் பார்க்கன்னு கேப்பாங்கப்பா."

"என் மூத்த பிள்ளையைன்னு எழுது."

உள்ளே இலை போடுகிற சத்தம் கேட்டது. ரத்னாவதி, "ஜல்தி வாங்க, மங்கிகினு வருது" என்று கூப்பிட்டாள். சாந்திநாதன் கை கழுவிவிட்டு, ஈரக் கையை வாசல் வெளிச்சத்தில் ஒருமுறை விரித்துப் பார்த்தார். ரேகை இன்னும் தெரிந்தது. உட்கார்ந்தார்.